இடது பக்கம் கிளைச்சாலை

போவதும் வருவதுமாக ஒன்பதாவது தடவை நீல வேன் கிளைச்சாலையை விட்டு வெளியே வந்தபோது அவள் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துப் போட்டாள்.

காலை எட்டு மணிக்கு அது முதல் தடவை வந்தபோது கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்கியதோடு சரி. டிக். கொஞ்ச நேரத்தில் உள்ளே போயிற்று. டிக். மறுபடி வெளியே. மறுபடி உள்ளே. இப்போது மணி பதினொன்று. பக்கத்துப் பெட்ரோல் பங்க்கே ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. துணைக்கு ஒரு மடக்கு நாற்காலி, ஒரு குடை, ஒரு தண்ணீர் பாட்டில், மடியில் படிவம். புளியமரத்தில் ஒரு காக்கா இருந்தது. அதுவும் பத்து மணிக்கே கிளம்பிவிட்டது.

தனியாக ஒரு பெண். வட்டமடிக்கிற ஒரு வேன். பத்திரிகைச் செய்திகள் இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

வேன் வேகத்தைக் குறைத்தது. ஓட்டுகிறவன் அவளைப் பார்க்காத மாதிரி பார்த்தான். வேனின் கூரை மேல் ஒரு மெத்தை கட்டியிருந்தது. போன தடவை மெத்தை இல்லை.

டிக்.

சாலைத்துறை அலுவலகத்தில் அவளுக்கு டிக்டிக் என்று பெயர். வண்டிகளை எண்ணுவது வேலை. உள்ளங்கைக்குள் அடங்குகிற உருண்டைக் கருவி ஒன்று. அமுக்கினால் எண் ஒன்று கூடும். பதினான்கு வருஷமாக அமுக்கியதில் வலது கட்டைவிரல் இடதைவிடப் பருத்திருந்தது. சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் பிழைத்திருந்தது.

இந்த முறை எண்ண வேண்டியது பெரிய சாலையில் போகிற வண்டிகளை அல்ல. இடது பக்கம் பிரிகிற ஒரு மெலிந்த தார்ச்சாலையில் யார் திரும்புகிறார்கள், யார் வெளியே வருகிறார்கள் என்பதைத்தான். பெரிய சாலையை அகலப்படுத்தி அதிவேகச் சாலை ஆக்கப்போகிறார்கள். தேவையில்லாத கிளைகளை வெட்டிவிடுவதாகத் திட்டம். மூன்று நாள் கணக்கு. போவதும் வருவதுமாக மொத்தம் முப்பது தடவையாவது தேறினால் கிளை பிழைக்கும். இருபத்தொன்பது என்றால் வாயில் கான்கிரீட் சுவர். நூற்றைம்பது மீட்டர் முன்னால் நிற்கிற எச்சரிக்கைப் போர்டும் போய்விடும். இதை ஒரு நோட்டீஸாக அடித்து மரத்தில் ஒட்டியிருந்தார்கள்.

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து அந்தப் போர்டின் முதுகு தெரியும். முன்பக்கம் சிவப்பு ஓரம் போட்ட முக்கோணம். உள்ளே கீழிருந்து மேலே தடித்த கறுப்புக் கோடு. அதன் இடுப்பில் இடது பக்கமாக ஒட்டிக்கொண்டு ஒரு மெல்லிய கோடு. தடித்தது நீ போகிற சாலை. மெல்லியது வந்து சேர்கிற சாலை. வேகத்தைக் குறை, ஹார்ன் அடி, யாராவது வரலாம் என்று அர்த்தம். பாதிப் பேர் அதைப் படிப்பதே இல்லை.

அவள் படிப்பாள். அலுவலகக் காரில் தனியாகப் போகும்போது ஒவ்வொரு போர்டுக்கும் வாய்விட்டுப் பதில் சொல்வாள். 'நாற்சந்தியா? சரிப்பா, பார்த்துக்கறேன்.' 'வலது பக்கம் கிளையா? வரட்டும், வரட்டும்.' சில நாட்களில் அவள் வாயைத் திறப்பதே அதற்குத்தான். நேற்று முழுக்கப் பேசிய வார்த்தைகளை ராத்திரி படுக்கும்போது எண்ணிப் பார்த்தாள். பழக்கதோஷம். பதினாறு. அதில் ஒன்பது மேலதிகாரியிடம். நாலு தங்கையிடம், தங்கை ஊரிலிருந்து கூப்பிட்டு, "அப்புறம் பேசறேன்க்கா, குக்கர் கத்துது" என்று வைத்துவிட்டாள். மீதி மூன்று, போர்டுக்கு.

போன் அடித்தது. மேலதிகாரி.

"என்னம்மா டிக்டிக், ஈ ஓட்டிட்டு இருக்கியா?"

"இல்ல சார். வண்டி வருது."

"அங்கயா? உள்ள இருக்கிறது மூடிப்போன ஐஸ் ஃபாக்டரி. நேத்து எத்தனை?"

"ரெண்டு."

"அதைச் சொல்லு. நாளைக்கு முடிச்சுட்டு வந்தா சுவருக்கு ஆர்டர் போட்டுடலாம். வெயில்ல கருகாதே."

இன்றைக்கு ஒன்பது என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் வைத்துவிட்டார்.

பத்தாவது தடவை மெத்தையோடு உள்ளே போன வேன், பதினோராவது தடவை ஏணியோடு வெளியே வந்தது. ஓட்டுகிறவன் தலையில் தொப்பி. பதிமூன்றாவது தடவை தொப்பி இல்லை, கறுப்புக் கண்ணாடி இருந்தது. பத்தொன்பதாவது தடவை தலையில் பூப்போட்ட துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண்மணி ஓட்டினாள். படிவத்தில் வண்டி எண்ணுக்கு ஒரு கட்டம் உண்டு. பத்தொன்பது வரியிலும் அவள் ஒரே எண்ணைத்தான் எழுதியிருந்தாள்.

பயம் போய்க் கோபம் வந்தது. இருபத்தைந்தாவது தடவை வேன் வெளியே வந்தபோது மணி மூன்று. அவள் 'நில்' என்று எழுதிய வட்டப் பலகையைத் தூக்கிக்கொண்டு நடுச்சாலையில் போய் நின்றாள்.

வேன் நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்ட, ஐம்பது வயசைத் தாண்டிய ஒருவர் தலையை நீட்டினார்.

"என்ன மேடம்?"

"காலையிலேர்ந்து பார்க்கறேன். என்னதான் வேணும் உங்களுக்கு?"

"எனக்கா? நான் இப்பத்தான் முதல் தடவையா வர்றேன்."

"அப்ப காலையில வந்தது?"

"அது எதிர்வீட்டுக்காரர்."

"மெத்தையோட வந்தது?"

"அது என் மச்சான். வீடு மாத்தறான்."

"பூப்போட்ட துணி கட்டிட்டு?"

அவர் ஒரு நொடி திருதிருவென்று விழித்தார். "அது... மச்சான் சம்சாரம்."

"உங்க மச்சான் சம்சாரத்துக்கு மீசை இருக்கு சார்."

அவர் தன்னையறியாமல் மீசையைத் தடவிக்கொண்டார்.

"போகட்டும். எதிர்வீடு, மச்சான், மச்சான் சம்சாரம், எல்லாருக்கும் ஒரே நம்பர் பிளேட்டா?"

அவர் இறங்கி வந்து வேனின் முன்பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "அடச்சே. ஊரையே கூட்டி வந்தேன், இதைக் கோட்டை விட்டுட்டேனே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "இந்த வேஷமே வேண்டாம் சார். எத்தனை வண்டின்னு விதியில கிடையாது. எத்தனை தடவைன்னுதான் இருக்கு."

"அப்ப சும்மாவே போயிட்டு வந்திருக்கலாமா? மெத்தையை ஏத்தி இறக்கி இடுப்பு விட்டுப்போச்சு மேடம்!"

"ஆனா இன்னொரு கட்டம் இருக்கு." அவள் படிவத்தைக் காட்டினாள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு, 'தேவையோடு வந்த வண்டியா?' என்றிருந்தது. "சும்மா எண்ணிக்கைக்காக வந்ததுன்னு நான் எழுதினா, இன்னிய கணக்கு மொத்தமும் செல்லாது."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. வேனின் கதவைத் திறந்து ஒரு ஃபிளாஸ்க்கை எடுத்தார். மூடியில் டீயை ஊற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, அவர் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார்.

"உள்ள யார் யார் இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"நான்தான்."

"மத்தவங்க?"

"நான் மட்டும்தான். ஃபாக்டரி மூடினதும் எல்லாரும் போயிட்டாங்க. நான் தண்ணி கேன் போட்டு ஓட்டிட்டு இருக்கேன். சுவர் வெச்சா பின்பக்கம் ஒரு மண்பாதை இருக்கு, பதினாலு கிலோமீட்டர் சுத்து. அதைக்கூடச் சமாளிச்சுக்கலாம்." அவர் கையை நீட்டிப் போர்டைக் காட்டினார். "அதை எடுத்துடுவீங்களே. அதுதான் பிரச்சனை."

"போர்டா?"

"எங்கண்ணன் லாரி ஓட்டறார். வாராவாரம் வியாழக்கிழமை நாலு மணிக்கு இந்தப் பக்கமாப் போவார். போர்டுகிட்ட வந்ததும் ஹார்ன் அடிப்பார். ரெண்டு நீளம், ஒண்ணு குட்டை. எனக்கு வீட்டு வாசல்ல கேக்கும்."

"உள்ள வர மாட்டாரா?"

"பேச்சுவார்த்தை இல்ல. பதினோரு வருஷமா."

இருவரும் ஒரே லாரியில் ஐஸ் ஏற்றிப் போனவர்கள். அண்ணன் ஓட்ட, தம்பி பக்கத்தில் உட்கார்ந்து போர்டு படித்து வழி சொல்வார். ஒரு விடியற்காலை முன்னால் ஒரு போர்டு வந்தது. சாலை கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிகிற போர்டு. இரண்டு கோடும் ஒரே தடிமன். எது பெரிய சாலை என்று போர்டு சொல்லவில்லை.

"நான் இடதுன்னு சொன்னேன். அவர் வலதுல விட்டார். மலைப்பாதை. போய்ச் சேர்ந்து தார்ப்பாயைத் தூக்கினா உள்ள தண்ணி மேடம். வெறும் தண்ணி. 'நீதான்டா வலதுன்னு சொன்னே'ன்னு சத்தம் போட்டார். நானும் விடல. அன்னிக்குப் போனவர்தான்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"அவர் பண்ணலாமே!" அவர் விசுக்கென்று நிமிர்ந்தார். பிறகு குரல் இறங்கிற்று. "ஹார்ன் அடிக்கறது வேற மேடம். கிளைச்சாலை போர்டு வந்தா ஹார்ன் அடிக்கணும்னு சட்டம். அவர் சட்டத்துக்காக அடிக்கறார். என்கிட்ட பேசினதா ஆகாது. நான் வாசல்ல நிக்கறேன். கேட்டதா ஆகாது. போர்டு இல்லாமப் போச்சுன்னா எதைச் சாக்கு வெச்சு அடிப்பார்? வீம்புக்காரர். அடிக்காமலே போயிடுவார். அப்புறம் ஆள் இருக்காரா இல்லையான்னு நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?"

டீ ஆறியிருந்தது. அவள் குடித்துவிட்டு மூடியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்க எப்பவாவது பதிலுக்கு ஹார்ன் அடிச்சிருக்கீங்களா?"

"நானா? எதுக்கு? உள்ள என்ன போர்டு இருக்கு?"

அவர் எழுந்தார். ஏணியின் கயிற்றை இழுத்துப் பார்த்தார். "எழுதறதை எழுதுங்க மேடம். எனக்காகப் பொய் எழுத வேண்டாம். உங்க வேலைக்குக் கெட்ட பேர் வரக் கூடாது."

வேன் திரும்பி உள்ளே போயிற்று. டிக். இருபத்தாறு.

அதற்கப்புறம் அது வரவேயில்லை.

சாயங்காலம் கடையைக் கட்டும்போது கடைசிக் கட்டத்தை மட்டும் அவள் நிரப்பவில்லை. நேற்று இரண்டு, இன்று இருபத்தாறு. இருபத்தெட்டு. அதுவும் அவள் மனசு வைத்தால்தான்.

மறுநாள் வியாழக்கிழமை.

காலை எட்டு மணிக்கு வேன் வரவில்லை. ஒன்பது, பத்து, பன்னிரண்டு. கிளைச்சாலை வெயிலில் வெறுமனே கிடந்தது. தண்ணீர் கேன் போடக்கூட அவர் வெளியே வரவில்லை. வெட்கமாக இருக்கலாம். வெளியே வந்தால் வேஷம் என்று அவள் நினைப்பாளோ என்ற ரோஷமாகவும் இருக்கலாம். இன்னும் இரண்டே தடவை. வழக்கம்போல வேலைக்குப் போயிட்டு வாய்யா, அது பொய்யே இல்லை என்று உள்ளே பார்த்துக் கத்தலாமா என்று தோன்றியது. வீடு முந்நூறு மீட்டர் தள்ளி, மரங்களுக்குப் பின்னால். அவள் குரல் அவ்வளவு தூரம் போய் வருஷக்கணக்காகிறது.

காரை எடுத்துக்கொண்டு அவளே போய்ப் பார்க்கலாம். ஆனால் கணக்கெடுப்பவர் இடத்தை விட்டு நகரக் கூடாது. துறை வண்டி கணக்கிலும் சேராது. மூன்றரை மணிக்குப் பையைத் துழாவி இன்னொரு படிவத்தை எடுத்தாள். 'சாலைப் பயனாளர் கேள்விகள்'. எந்த வண்டியை வேண்டுமானாலும் நிறுத்தி இதைக் கேட்க அவளுக்கு அதிகாரம் உண்டு. பதினான்கு வருஷத்தில் பத்துத் தடவை கேட்டிருப்பாள். யாரும் நின்று பதில் சொல்வதில்லை.

நாலு அடிக்க இரண்டு நிமிஷம் இருந்தது. வளைவில் ஒரு மஞ்சள் லாரி தெரிந்தது. போர்டை நெருங்கிற்று.

இரண்டு நீளம். ஒன்று குட்டை.

அவள் பலகையைத் தூக்கினாள். லாரி முனகிக்கொண்டே வந்து, கிளைச்சாலையின் வாயைத் தாண்டி ஓரங்கட்டி நின்றது. அவள் ஓடிப்போய் ஓட்டுநர் பக்கம் நின்றாள். மேலே நரைத்த தலை ஒன்று. அதே மூக்கு. அதே மீசை, கொஞ்சம் வெள்ளையாக.

"என்னம்மா, நான் வேகமாக்கூட வரலியே?"

"சர்வே சார். ரெண்டே நிமிஷம். எங்கேயிருந்து வர்றீங்க?"

"துறைமுகம்."

"எங்க போறீங்க?"

"சிமெண்ட் கிடங்கு."

"இந்தக் கிளைச்சாலையை உபயோகிக்கிறீங்களா?"

"இல்ல."

"ஏன்னு ஒரு கேள்வி இருக்கு சார்."

பெரியவர் நேராகச் சாலையைப் பார்த்தார். "என் வண்டி நீளம். அந்த வளைவுல திரும்பாது. எழுதிக்க."

"திரும்பும் சார். நான் டேப் வெச்சு அளந்திருக்கேன். இதைவிடப் பெரிய வண்டியே திரும்பும்."

"நீ என்னம்மா, கேள்வி கேக்க வந்தியா, வழி காட்ட வந்தியா?"

"அடுத்த கேள்வி. முன்னால இருக்கிற எச்சரிக்கைப் போர்டு உங்களுக்கு உபயோகமா இருக்கா?"

அவர் ஸ்டீயரிங்கில் ஒட்டியிருந்த எதையோ நகத்தால் சுரண்டினார். கடைசியில், "எதுக்கு அதைக் கேக்கறே?" என்றார்.

"எடுத்துடப் போறாங்க. இங்க யாரும் திரும்பறதில்லையாம்."

"உள்ள ஒரு நீல வேன் இருக்குமே. அது ஓடறதில்லையா?" குரலில் அவசரம் தெரிந்துவிட்டது. உடனே இருமி அதை மறைத்தார்.

"நேத்து இருபத்தாறு தடவை ஓடிச்சு சார்."

"இருபத்தாறு தடவையா! எதுக்கு?"

"இந்தப் போர்டை எடுத்துடக் கூடாதுன்னு. மெத்தையைக் கட்டிட்டு ஒரு தடவை, ஏணியைக் கட்டிட்டு ஒரு தடவை. தலையில பூப்போட்ட துணி சுத்திட்டு ஒரு தடவை."

பெரியவர் பக்கக் கண்ணாடியில் பின்னால் தெரிந்த முக்கோணத்தின் முதுகைப் பார்த்தார். வெறும் தகரம்தான் தெரிந்திருக்கும்.

"மடையன்" என்றார் மெதுவாக. பிறகு, "அன்னிக்கு வலதுன்னு அவன்தான்மா சொன்னான்" என்றார்.

"அது கேள்வியில இல்ல சார். போர்டு உபயோகமா இருக்கா?"

"இருக்கு. எழுது."

"ஏன்னு..."

"ஹார்ன் அடிக்க."

அவள் எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டார். என்ஜினைக் கிளப்பக் கையைக் கொண்டுபோனவர், போகாமல் ஹார்னில் வைத்தார். இங்கே போர்டு இல்லை. சட்டமும் இல்லை. இரண்டு நீளம், ஒன்று குட்டை.

ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. இலைகள்கூட அசையவில்லை.

பிறகு உள்ளே ஒரு செல்ஃப் மோட்டார் இழுக்கிற சத்தம் கேட்டது. ஒரு தடவை. இரண்டாவது தடவை. பிடித்துக்கொண்டது. மரங்களுக்கிடையே நீலம் தெரிந்தது. லாரி போகாமல் நிற்கிறது என்பது வாசலில் நின்றவருக்குக் கேட்டிருக்கிறது. வேன் வெறும் தலையோடு, மெத்தையில்லாமல், ஏணியில்லாமல் வந்தது. கிளைச்சாலையின் வாயில் ஒரு கணம் தயங்கிவிட்டு வெள்ளைக் கோட்டைத் தாண்டியது.

டிக்.

அது லாரியின் பக்கவாட்டில் ஊர்ந்து, முன்னால் போய், அகலமாக ஒரு வட்டமடித்துத் திரும்பி வந்தது. இரண்டு ஓட்டுநர் ஜன்னல்களும் நேருக்கு நேர் வந்தன. நின்றது.

தம்பி அண்ணாந்து பார்த்தார். அண்ணன் குனிந்து பார்த்தார். அவள் மனசுக்குள் கெஞ்சினாள். பேசுங்களேன்யா. வாயைத் திறந்து ஒரு வார்த்தை.

யாரும் பேசவில்லை. பின்னால் ஒரு பஸ் வந்து அலறிற்று. தம்பி வேனை நகர்த்தினார். வலது பக்கம் கையைக் காட்டி, ஒழுங்காகத் திரும்பி, கிளைச்சாலைக்குள் போனார்.

டிக். முப்பது.

லாரியும் கிளம்பிற்று. அது வளைவில் மறைகிற சமயத்தில், உள்ளேயிருந்து வேனின் ஹார்ன் கேட்டது. ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி ஈனமாக. இரண்டு நீளம், ஒன்று குட்டை. அண்ணனுக்குக் கேட்டிருக்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதை எழுதப் படிவத்தில் கட்டமும் இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்து கடைசிக் கட்டத்தை நிரப்பினாள். தேவையோடு வந்த வண்டியா? ஆம். ஆம். ஆம். முப்பது வரி. குறிப்பு என்ற இடத்தில் 'ஒரே வண்டி' என்றும் எழுதினாள். பொய் எழுத வேண்டாம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

மேலதிகாரியைக் கூப்பிட்டாள்.

"சரியா முப்பதா? ஒண்ணுகூட ஏறல, குறையல?"

"ஆமா சார்."

"ஒரே வண்டின்னு வேற சொல்றே."

"விதியில தடவைன்னுதான் இருக்கு சார். நீங்கதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க."

அவர் பெருமூச்சு விட்டார். "சரி, போர்டு இருந்துட்டுப் போகட்டும். அடுத்த வருஷம் மறுபடி எண்ணணும், ஞாபகம் வெச்சுக்கோ. அங்க அப்படி யாரும்மா இருக்கா?"

"ஆள் இருக்கு சார்" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது அன்றைக்குப் போர்டுகளோடு பேசவில்லை. அவள் குடியிருக்கிற தெரு, பெரிய சாலையின் இடது பக்கம் பிரிகிற குறுகல் தெரு. அதற்கு முன்னாலும் அதே முக்கோணம் உண்டு. எட்டு வருஷமாகத் தினமும் அதைத் தாண்டிச் சத்தமில்லாமல் திரும்பி, சத்தமில்லாமல் கதவைத் திறந்து, சத்தமில்லாமல் விளக்கைப் போட்டிருக்கிறாள்.

தெருமுனை வந்தது. கை தானாகப் போயிற்று. இரண்டு நீளம், ஒன்று குட்டை.

வாசலில் காரை நிறுத்தியபோது மாடி ஜன்னல் திறந்தது. மேல் வீட்டு அம்மாள் தலையை நீட்டினாள். கையில் கரண்டி.

"யாருங்க அது, ஹார்ன் அடிக்கறது?"

"நான்தாங்க. கீழ் வீடு."

"கீழ் வீட்ல ஆள் இருக்கா?" அந்த அம்மாளுக்கு நிஜமாகவே ஆச்சரியம். "பூட்டியே கிடக்குதுன்னுல்ல நெனச்சேன்!"

அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"இருக்கேங்க" என்றாள்.